வழித்தெறிந்த கொழுப்பு

மருத்துவக் கல்லூரியில் எனக்குக் கிடைத்த முதல் பாராட்டு, கொழுப்பை வழித்தெடுத்ததற்காக. 1989, முதலாண்டு. ஃபார்மலின் நெடியில் கண் எரிய, எட்டுப் பேர் ஒரு மேசையைச் சுற்றி நிற்போம். அன்று நெஞ்சுக்கூட்டைத் திறந்திருந்தார்கள். முதுகெலும்பை ஒட்டி இறங்கும் பெருந்தமனியைப் பிரித்துக் காட்டுவது என் பங்கு. கட்டைவிரலைவிடத் தடித்த குழாய்தான், ஆனால் முதலில் கண்ணுக்கே தெரியாது. மஞ்சள் கொழுப்பு அதைப் பொதிந்து வைத்திருக்கும். இடுக்கியாலும் கத்தியின் முதுகாலும் சிறிது சிறிதாக வழித்து, மேசைக்கு அடியில் இருந்த வாளியில் போட்டேன். இரண்டு மணி நேரம் ஆயிற்று. கடைசியில் தமனி, விலா எலும்புகளுக்குப் போகும் சிறு கிளைகளோடு பளிச்சென்று நின்றது. உதவிப் பேராசிரியை மற்ற மேசை மாணவர்களைக் கூப்பிட்டுக் காட்டினார். "பாருங்க, டிஸெக்‌ஷன்னா இப்படிச் சுத்தமா இருக்கணும்."

வாளிக்குள் யாரும் எட்டிப் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை.

பிறகு கதிரியக்கவியலில் மேற்படிப்பு முடித்து மதுரைக்கு வந்தேன். இருபது ஆண்டுகளுக்கும் மேலாக ஸ்கேன் அறைதான் என் இடம். இதயத்துக்கான சி.டி. எங்கள் பக்கம் பரவலானபோது அதைக் கற்றுக்கொண்ட முதல் வரிசையில் நானும் இருந்தேன். நாடித் துடிப்பை அறுபதுக்குப் பக்கத்தில் இறக்க மாத்திரை கொடுத்து, நாக்குக்கு அடியில் நைட்ரோகிளிசரின் வைத்து, கையில் ஊசி போட்டு, "மூச்சை நல்லா இழுத்து நிறுத்துங்க" என்று ஒலிபெருக்கியில் சொல்வோம். சாயம் உடம்புக்குள் போகும்போது சூடாகப் பரவுவதுபோல இருக்கும் என்று முன்கூட்டியே சொல்லிவைப்போம். சொல்லாவிட்டால் பாதிப் பேர் பயந்து அசைந்துவிடுவார்கள், படம் கலைந்துபோகும்.

சி.டி. படத்தில் ஒவ்வொரு புள்ளிக்கும் ஓர் எண் உண்டு. இந்தக் கருவியை உருவாக்கிய காட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்டின் பெயரால் அந்த அளவைச் சொல்கிறோம். 1971 அக்டோபரில் லண்டனில் முதல் நோயாளியின் தலையைப் படம் எடுத்தவர் அவர். 1979ல் நோபல் பரிசு பெற்றார். அந்த அளவுகோலில் தண்ணீர் பூஜ்யம், காற்று மைனஸ் 1000. எலும்பும் சுண்ணமும் நூற்றுக்கணக்கில் மேலே போகும். கொழுப்பு மட்டும் தண்ணீருக்குச் சற்றுக் கீழே, மைனஸ் 30க்கும் மைனஸ் 190க்கும் நடுவில் கிடக்கும். தண்ணீரில் எண்ணெய் மிதப்பதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. கொழுப்பு அடர்த்தி குறைந்தது, கதிரைக் குறைவாகத்தான் தடுக்கும்.

திரையில் அது கறுப்பாகத் தெரியும். எங்கள் கண்ணோ வெள்ளையைத் தேடப் பழகியது. சாயம் நிறைந்த தமனி வெள்ளை, அதன் சுவரில் படிந்த சுண்ணம் அதைவிட வெள்ளை. 130க்கு மேல் எண் காட்டும் புள்ளிகளைக் கருவியே வண்ணம் பூசி எண்ணிக் கொடுத்துவிடும். அதுதான் கால்சியம் ஸ்கோர். பூஜ்யம் என்றால் நிம்மதி, 100க்கு மேல் கவலை, 400ஐத் தாண்டினால் அவசரம் என்று மனசுக்குள் ஒரு கணக்கு ஓடும். தமனியைச் சுற்றியுள்ள கறுப்பு எங்களுக்கு வெறும் பின்னணி. தமனியை மட்டும் தனியாக எடுத்துக் காட்டும் முப்பரிமாணப் படத்தில், மென்பொருளே அந்தக் கறுப்பை முழுக்க வழித்து எறிந்துவிடும். கத்தியின் முதுகால் நான் இரண்டு மணி நேரம் செய்த வேலையை அது இரண்டு நொடியில் செய்துவிடுகிறது.

2011ல் ஒருவர் வந்தார். பள்ளிக்கூட ஆசிரியர், வயது நாற்பத்தேழு, ஒல்லியான தேகம். மாடிப்படி ஏறினால் நெஞ்சில் ஏதோ பிடிக்கிறது என்றார். டிரெட்மில் பரிசோதனை அங்கேயும் இல்லை இங்கேயும் இல்லை என்று முடிந்திருந்தது. கால்சியம் ஸ்கோர் பூஜ்யம். சாயம் போட்டு எடுத்த படத்தில், இடப்பக்க இதயத் தமனியின் தொடக்கத்தில் சுண்ணமில்லாத சிறு படிவு ஒன்று, அடைப்பு முப்பது சதவீதத்துக்கும் கீழே. இதயத்தைச் சுற்றியும், அதன் பின்னால் இறங்கும் பெருந்தமனியைச் சுற்றியும் அந்த மெலிந்த உடம்புக்குப் பொருந்தாத அளவு கொழுப்பு இருந்தது. பார்த்தேன். பார்த்தது இன்றும் நினைவில் இருக்கிறது. "முக்கியமான அடைப்பு ஏதும் இல்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

எட்டு மாதம் கழித்து அவர் மனைவி வந்தார். இன்ஷூரன்ஸுக்கு ஸ்கேன் சி.டி.யின் நகல் வேண்டும் என்றார். வகுப்பில் பாடம் நடத்திக்கொண்டிருந்தபோது விழுந்தவரை மருத்துவமனைக்குக் கொண்டுபோவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டதாம். நகலை வாங்கிப் பையில் வைத்துக்கொண்ட பிறகும் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தார்.

"மேடம், அன்னைக்கே இதுல தெரிஞ்சிருந்துச்சா?"

அப்படி எதுவும் தெரியவில்லை என்று சொன்னேன். அது முழுப் பொய்யில்லை. முப்பது சதவீதத்துக்குக் கீழே உள்ள படிவு எப்போது வெடிக்கும் என்று இன்றுகூட யாராலும் நாள் குறிக்க முடியாது. ஆனால் சிறிய படிவும் நோய்தான். ரத்தக் கொழுப்பைக் குறைக்கும் மாத்திரையை அன்றே தொடங்க அது ஒன்றே போதுமான காரணம். என் அறிக்கையின் முதல் வரி அதை மூடி மறைத்துவிட்டது. அவர் போன பிறகு அந்தப் படத்தைத் திறந்து, வழக்கமாகப் பார்க்காத இடத்தை முதல் முறையாக நிதானமாகப் பார்த்தேன். கறுப்பைப் பார்த்தேன்.

அன்றிலிருந்து தேடித் தேடிப் படித்தேன். அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஃபிரேமிங்ஹாம் என்று ஓர் ஊர். 1948ல் அங்கே 5,209 பேரைச் சேர்த்துக்கொண்டு ஓர் இதய ஆய்வைத் தொடங்கினார்கள். அது பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் என்று மூன்று தலைமுறையாகத் தொடர்கிறது. ரத்த அழுத்தமும் கொலஸ்ட்ராலும் புகையும் மாரடைப்புக்கு இட்டுச்செல்லும் என்று இன்று நாம் சாதாரணமாகச் சொல்வதில் பெரும்பங்கு அந்த ஊர்க்காரர்கள் தந்தது. 2010ல் வெளியான ஓர் ஆய்வில் அவர்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் சி.டி.யை எடுத்துப் பெருந்தமனியைச் சுற்றியுள்ள கொழுப்பை அளந்திருந்தார்கள். அந்தக் கொழுப்பு அதிகமானவர்களிடம் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் டிரைகிளிசரைடும் கூடுதலாக இருந்தன. நல்ல கொலஸ்ட்ரால் குறைவாக இருந்தது. வயிற்றுக்குள் இருக்கும் கொழுப்பையும் கணக்கில் சேர்த்துப் பார்த்தபோது இவற்றில் பெரும்பாலான தொடர்புகள் கரைந்துபோயின. ஒன்று மட்டும் கரையவில்லை. பெருந்தமனியைச் சுற்றிக் கொழுப்பு மிகுந்தவர்களுக்கு இதயத் தமனிகளிலும் வயிற்றுப் பெருந்தமனியிலும் சுண்ணம் கூடுதலாக இருந்தது. வயிற்றுக் கொழுப்பைக் கழித்த பிறகும் அது நின்றது.

இதை நான் ஒரு தீர்ப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒரே நேரத்தில் எடுத்த படம் எது முன், எது பின் என்று சொல்லாது. அந்த ஊர்க்காரர்கள் நம்மவர்களும் அல்ல. ஆனால் நான் பின்னணி என்று ஒதுக்கிய இடத்தில் எண்களாக அளக்கத்தக்க ஏதோ இருக்கிறது என்பது உறுதியாயிற்று.

மாலையில் நோயாளிகள் எல்லோரும் போன பிறகு, எங்கள் மூத்த டெக்னீஷியன் அண்ணனை உட்காரவைத்துக்கொண்டு பழைய படங்களில் அந்தக் கொழுப்பின் எல்லையை நானே வரைந்து பழகினேன். நுரையீரல் தமனி இரண்டாகப் பிரியும் மட்டத்தில் தொடங்கிக் கீழே வர வேண்டும். ஒவ்வொரு ஸ்லைஸிலும் கோடு இழுக்க வேண்டும். இங்கேதான் வேலையின் கஷ்டம் தெரியும். பெருந்தமனிக்கு ஒரு பக்கம் முதுகெலும்பு, முன்னால் உணவுக்குழாய், இடையில் சிறு நாளங்கள். கொழுப்பு எங்கே பெருந்தமனிக்கு உரியது, எங்கே உணவுக்குழாய்க்கு உரியது என்று உடம்பு வரப்புப் போட்டு வைத்திருக்கவில்லை. இன்று நான் இழுத்த கோடும் அடுத்த வாரம் நானே இழுக்கும் கோடும் ஒத்துவராது. அண்ணன் பொறுமையாகச் சொல்வார். "மேடம், எலும்போட முன் விளிம்பை ஆரம்பமா வச்சுக்கோங்க, அது நகராது." பல மாதம் இப்படிப் பழகிய பிறகுதான், கோடு இழுக்காமலேயே ஒரு படத்தைப் பார்த்ததும் கூடுதல், குறைவு என்று கண் சொல்ல ஆரம்பித்தது.

ஒரு நன்மை உண்டு. கால்சியம் ஸ்கோருக்கு எடுக்கும் சாயமில்லாத படத்திலேயே இந்தக் கொழுப்பு முழுக்கத் தெரியும். தனிக் கதிரும் தனிச் செலவும் கிடையாது. நோயாளி ஏற்கெனவே கொடுத்துவிட்டுப் போன தகவல் அது.

படிக்கப் படிக்க என்னை உலுக்கியது வேறொன்று. வழித்தெறிந்தது நான் மட்டுமில்லை. ரத்தக்குழாய் எப்படிச் சுருங்கி விரிகிறது என்று ஆராய்பவர்கள் எலியின் பெருந்தமனியைத் துண்டாக எடுத்துக் கம்பியில் மாட்டி மருந்து ஊற்றிப் பார்ப்பார்கள். பல காலமாக, அப்படி மாட்டுவதற்கு முன்னால் கொழுப்பைச் சுரண்டி எடுத்துவிடுவதுதான் முறை. 1991ல் சோல்டிஸ், காசிஸ் என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் கொழுப்பை அப்படியே விட்டுவைத்துப் பார்த்தார்கள். தமனியைச் சுருக்கும் அதே நார்அட்ரினலின், அதே தமனி. கொழுப்போடு இருந்த தமனி குறைவாகச் சுருங்கியது. ஆக, அந்த மஞ்சள் பஞ்சு வெறும் பொதி இல்லை. அது சுரக்கிறது, தமனியைத் தளர்த்துகிறது, அதோடு பேச்சுவார்த்தை நடத்துகிறது. தமனிச் சுவருக்கும் இந்தக் கொழுப்புக்கும் இடையே தடுப்பு எதுவும் இல்லை. பக்கத்து வீட்டுச் சமையல் வாசனை சன்னல் வழியாக வருவதுபோல அதன் சுரப்புகள் நேராகச் சுவருக்குள் போகும்.

அறுவைச் சிகிச்சை நிபுணரான என் தோழி இதற்கு இன்னொரு சாட்சி சொன்னாள். பைபாஸுக்குக் காலிலிருந்து சிரையை எடுக்கும்போது சுற்றியுள்ள கொழுப்பை உரித்துச் சுத்தமாக எடுப்பதுதான் அவளுக்குக் கற்றுக்கொடுத்த முறை. சுவீடனில் ஊரெப்ரூ நகரத்தில் டொமிங்கோஸ் சோசா என்ற மருத்துவர் சிரையை அதன் கொழுப்போடு, விரல் படாமல் எடுத்துப் பொருத்தினார். பதினாறு ஆண்டு கழித்துப் பார்த்தபோதும் அப்படிப் பொருத்திய சிரைகள் உரித்தவற்றைவிடக் கூடுதலாகத் திறந்திருந்தன. கால் புண் ஆற நாள் எடுக்கிறது என்ற குறையும் இருக்கிறது, எல்லோரும் அதற்கு மாறிவிடவில்லை. "நாம சுத்தம் பண்றோம்னு நெனச்சுக் காவல்காரனை வெளியே தள்ளியிருக்கோம்டி" என்றாள்.

அப்படியானால் காவல்காரன் எப்போது கெடுகிறான்? உடம்பு எரிக்க முடியாத அளவு கொழுப்பு சேரும்போது, தோலுக்கு அடியில் இடம் போதாமல் ஈரலுக்குள்ளும் குடலைச் சுற்றியும் நெஞ்சுக்கூட்டுக்குள்ளும் அது ஒதுங்குகிறது. அங்கே கொழுப்பணுக்கள் உப்புகின்றன, அழற்சி அணுக்கள் வந்து குடியேறுகின்றன. அடிபோனெக்டின் என்ற நல்ல சுரப்பு குறைந்து, அழற்சியைத் தூண்டும் சுரப்புகள் கூடுகின்றன. தமனிக்குள் நடக்கும் கேடு வெளியிலிருந்தும் ஊட்டம் பெறுகிறது. ஒரு பழைய கவனிப்பு இதைத்தான் காட்டுகிறதோ என்று நினைப்பேன். சிலருக்கு இதயத் தமனி கொஞ்ச தூரம் தசைக்குள் புகுந்து ஓடும். கொழுப்பு தொடாத அந்தத் துண்டில் பெரும்பாலும் படிவு இருக்காது. தசை அழுத்துவதால் ரத்த ஓட்டம் மாறுவதும் அதற்குக் காரணமாகலாம். எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்வது கடினம்.

ஆக்ஸ்ஃபோர்டில் அன்டோனியாடிஸ் குழுவினர் 2017ல் இந்தக் கதையைத் திருப்பிப் போட்டார்கள். கொழுப்பு தமனியைக் கெடுப்பது ஒரு பக்கம். தமனி கொழுப்பை மாற்றுவது மறுபக்கம். சுவரில் அழற்சி இருந்தால் அது வெளியே கசிந்து, பக்கத்துக் கொழுப்பணுக்களை முதிர விடாமல் தடுக்கிறது. அந்த அணுக்களில் கொழுப்புக் குறைந்து நீர் கூடுகிறது. படத்தில் அந்த இடத்தின் எண் தண்ணீரின் பூஜ்யத்தை நோக்கி நகர்கிறது. அடுத்த ஆண்டு ஜெர்மனியின் எர்லாங்கனிலும் அமெரிக்காவின் கிளீவ்லாந்திலும் எடுத்த படங்களில் இதைச் சோதித்தார்கள். வலது இதயத் தமனியின் தொடக்கத்தைச் சுற்றிய கொழுப்பின் எண் மைனஸ் 70.1ஐத் தாண்டிப் பூஜ்யத்தின் பக்கம் வந்தவர்கள் இதய நோயால் இறக்கும் வாய்ப்பு கூடுதலாக இருந்தது. இதைப் படித்த இரவு அந்த ஆசிரியரின் படத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அந்த எண்ணைக் கணக்கிடும் மென்பொருள் என்னிடம் இல்லை. கருவிக்குக் கருவி எண் மாறும் என்பதால் கண்ணால் சொல்லவும் கூடாது. அணைத்துவிட்டுப் படுத்தேன்.

நம் ஊர் உடம்புகளுக்கு இந்த விஷயம் கூடுதலாகப் பொருந்தும் என்பதை அறையில் தினமும் பார்க்கிறேன். புனேயைச் சேர்ந்த யாஜ்னிக்கும் லண்டனைச் சேர்ந்த யுட்கினும் 2004ல் லான்செட் மருத்துவ இதழில் தங்கள் இருவர் புகைப்படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வெளியிட்டார்கள். இருவருக்கும் உடல் எடைக் குறியீடு 22.3. வெள்ளைக்காரரின் உடம்பில் கொழுப்பு 9.1 சதவீதம், நம்மவருக்கு 21.2 சதவீதம். ஐம்பத்திரண்டு நாடுகளில் நடந்த இன்டர்ஹார்ட் ஆய்விலும் தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு மற்றவர்களைவிட ஐந்தாறு ஆண்டு முந்தி வந்தது. எடையைவிட இடுப்புச் சுற்றளவே சரியாக எச்சரித்தது. கை கால் குச்சியாக இருக்கும், நெஞ்சுக்கூட்டுக்குள் கறுப்பு நிறைந்திருக்கும். கால்சியம் பூஜ்யம் என்பதை இளம் வயதில் நான் இப்போது முழு நிம்மதியாக எடுத்துக்கொள்வதில்லை. சுண்ணம் படிவது நோயின் பிற்பகுதி.

இதை நோயாளியிடம் சொல்வதில் ஒரு மொழிச் சிக்கல் இருக்கிறது. தமிழில் எல்லாமே கொழுப்புதான். ரத்தத்தில் ஓடுவதும் கொழுப்பு, இடுப்பில் தொங்குவதும் கொழுப்பு, திமிரும் கொழுப்பு. மூன்று வருஷத்துக்கு முன்னால் வந்த தையல்காரர் அதைத்தான் கேட்டார். நாற்பத்து நான்கு வயது, எடை 61 கிலோ.

"டாக்டரம்மா, ரத்தத்துல கொழுப்பு நார்மல்னு பேப்பர்லயே போட்ருக்கே. நான் ஒல்லிதானே. எனக்கெங்க கொழுப்பு?"

அவரைத் திரைக்குப் பக்கத்தில் அழைத்து உட்காரவைத்துப் படத்தைக் காட்டினேன். இது எலும்பு, இது பெரிய குழாய், அதைச் சுற்றி இந்தக் கறுப்பு. ரத்தத்தில் ஓடுவது வேறு, இங்கே சேர்த்து வைத்திருப்பது வேறு. பக்கத்தில், அவர் வயதும் எடையும் உள்ள இன்னொருவரின் படத்தைப் பெயரை மறைத்து வைத்தேன். கறுப்பு அதில் மெல்லிய வளையமாக இருந்தது. நீண்ட நேரம் பார்த்தார். எதையும் அளந்து பார்த்துப் பழகிய கண்.

"அப்ப இதுக்கு வெளியில இருந்து அளவு எடுக்க முடியாதா?"

கிட்டத்தட்ட முடியும் என்றேன். சட்டைப் பையிலிருந்து அவருடைய சொந்த டேப்பை எடுத்துக் கொடுத்தார். பேன்ட் கட்டும் இடத்தில் இல்லாமல், மூச்சை விட்டு, விலாவுக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில் வைத்தோம். 36 அங்குலம், தொண்ணூறு சென்டிமீட்டரைத் தாண்டியது. நம் ஆண்களுக்கு எச்சரிக்கைக் கோடு அதுதான். பெண்களுக்கு எண்பது. தையல் நோட்டைத் திறந்து, வாடிக்கையாளர்கள் அளவுக்கு நடுவில் தன் பெயரை எழுதி, கீழே 36 என்று போட்டுக்கொண்டார்.

அறிக்கையில் இப்போது இரண்டு விஷயம் செய்கிறேன். சிறிய படிவைச் சிறியது என்று சொல்லும் முன், படிவு இருக்கிறது என்பதை முதல் வரியில் எழுதுகிறேன். பெருந்தமனியையும் இதயத்தையும் சுற்றிய கொழுப்பு உடம்புக்குப் பொருந்தாமல் கூடியிருந்தால் ஒரு வரி சேர்க்கிறேன். எண் எழுதுவதில்லை. எங்கள் அறையில் இழுக்கும் கோட்டுக்கு அந்தத் துல்லியம் இல்லை, அன்றாட வைத்தியத்தில் இதற்கென்று ஓர் எல்லைக்கோடும் வகுக்கப்படவில்லை. இதய மருத்துவர் ஒருவர் கூப்பிட்டுக் கேட்டார், "இதை எழுதி என்ன செய்யச் சொல்றீங்க மேடம்? இதுக்குன்னு மாத்திரை இருக்கா?" நியாயமான கேள்வி. இதற்கென்று தனி மாத்திரை இல்லை. நடையும் சாப்பாடும் சர்க்கரை, அழுத்தக் கட்டுப்பாடும், தேவைப்பட்டால் கொலஸ்ட்ரால் மாத்திரையும் என்று எல்லோருக்கும் சொல்வதையேதான் இந்த நோயாளிக்கும் சொல்ல வேண்டும். ஆனால் ஒல்லியானவரிடம் அதை யாரும் சொல்வதே இல்லை. அந்த ஒரு வரி, சொல்ல ஒரு காரணம் தருகிறது. அந்த இதய மருத்துவருக்கு இன்னும் முழுச் சம்மதம் இல்லை. நான் எழுதிக்கொண்டுதான் இருக்கிறேன்.

போன தீபாவளிக்கு முன்னால் தையல்காரர் தோள்பட்டை வலிக்கு எக்ஸ்ரே எடுக்க வந்தார். சாயங்காலம் வைகைக் கரையோரம் நடப்பதாகவும், கடையில் ஆறு டீ இரண்டாகிவிட்டது என்றும் சொன்னார். நோட்டைக் கொண்டுவந்திருந்தார். அவர் பெயருக்குக் கீழே 36, 36, 35, 34½. உள்ளேயும் குறைந்திருக்கிறதா என்று பார்க்க இன்னொரு ஸ்கேன் எடுக்கலாமா என்று ஆசையாகக் கேட்டார். அதற்காக மட்டும் கதிர் வாங்க வேண்டாம் என்றேன். கொஞ்சம் ஏமாற்றம்தான் அவருக்கு. பிறகு டேப்பை எடுத்து என் கையில் கொடுத்து, சட்டையைத் தூக்கிக்கொண்டு நின்றார்.